விலக்கற் பத்திரமும் விமர்சகன் கடமையும்

இலக்கிய விமர்சனம் என்பது கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றோடு நின்றுவிடும் தொழில் என்று கருதுவோர் எம்மிடையே இன்றும் உளர். மனிதனைப் பற்றி எழுதப்படும் எந்த எழுத்தும் விமர்சனத்துக்கு உட்பட்டதே என்பது எமது கொள்கை. ஆயிரம் பேர் வாசிக்கும் நாவல் ஒரு கற்பனை மனிதனின் குணத்தைச் சித்திரிக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள் மட்டுமே வாசிக்கும் அலுவலகப் பத்திரமோ உயிருள்ள மனிதனொருவனின் குணத்தைத் தீர்ப்பிட்டு, அவனுடைய சீவியத்தையும் மருந்தையும் மானத்தையும் நிர்ணயித்து விடுகிறது. இவ்விரண்டினுள் எது கூடுதலான கவனத்துடன் வாசிக்கப்பட வேண்டியது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

மனநோய், குணக்கேடு, ஆளுமைக் கோளாறு முதலிய காரணங்களைக் காட்டிப் படைவீரரைச் சேவையினின்று விலக்கும் பத்திரங்களையே இங்கு நாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். இப்பத்திரங்கள் பெருமளவில் எழுதப்பட்டதும், பின்னர் எதிர்ப்பின் காரணமாக மறுபடி வாசிக்கப்பட்டதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பிரித்தானியாவிலுமாகும். ஆகவே அவ்விரு நாடுகளின் வரலாற்றையும், அவ்வரலாற்றிலிருந்து பிறந்த மூன்று நாவல்களையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

முதலில் அண்மைக்கால உண்மையொன்று. 2001 நவம்பர் தொடக்கம் 2007 ஜூன் வரை ஏறத்தாழ 26,000 அமெரிக்கப் படைவீரர் ‘ஆளுமைக் கோளாறு’ என்ற காரணத்தின் பேரில் விலக்கப்பட்டனர். அவர்களுள் 2,800 பேரளவில் ஆப்கானிஸ்தான், ஈராக் யுத்தங்களின் பொருட்டு ஒரு தடவையேனும் அனுப்பப்பட்டவர்கள். இக்கணக்கை 2008 ஆம் ஆண்டு வெளியிட்டது காங்கிரசின் கணக்காய்வுப் பணியகமே. எனவே, இது எதிரிகளின் பிரசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவனை இவ்வாறு விலக்குவதற்குமுன் மனநோய் வைத்தியர் ஒருவரோ உளவியலாளர் ஒருவரோ அவனைப் பரிசோதித்து, அக்கோளாறு அவனது படைக் கடமைக்கு இடையூறாகிறது எனத் தீர்மானிக்க வேண்டும் என்பது விதி. அப்பணியகம் நான்கு படைத் தளங்களின் கோவைகளைப் புரட்டிப் பார்த்தபோது, இவ்விதி பேணப்பட்டமைக்குச் சான்று கிடைத்தது நூற்றுக்கு 40 தொடக்கம் 78 வரையான கோவைகளில் மாத்திரமே. தளத்துக்குத் தளம் விகிதம் வேறுபட்டது. ஆனால், விலக்கப்படவிருக்கும் செய்தியை வீரனுக்கு அறிவிக்கும் விதியோ நூற்றுக்கு 98க்குக் குறையாமற் கடைப்பிடிக்கப்பட்டிருந்தது. வெளியே போ என்று சொல்வதிற் காட்டிய ஒழுங்கை, ஏன் போகவேண்டும் என்று ஆராய்வதிற் காட்டவில்லை என்பது தெளிவு.

ஆளுமைக் கோளாறு என்றால் யாது? மனநோய் மருத்துவத்தின் கருத்துப்படி அது இளமைப் பருவத்திலேயே வேர்கொண்டு, நெடுங்காலம் மாறாது நிலைத்து நிற்கும் ஒரு குணப்போக்காகும். அதாவது, படையிற் சேர்வதற்கு முன்னரே அது அவனிடம் இருந்திருக்கிறது என்பதே இச்சொல்லின் உட்பொருள். முன்னரே இருந்ததாயின் அது யுத்தத்தின் விளைவன்று. யுத்தத்தின் விளைவன்றாயின் படைத்துறை இயலாமை ஓய்வூதியம் வழங்கவேண்டியதில்லை. மேலும், ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறியமையால், படையிற் சேர்ந்ததற்காக முன்கூட்டியே வழங்கப்பட்ட ஊக்கப்பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்துமாறு கேட்கப்பட்டவர்களும் உண்டு. காயத்தோடு வீடு திரும்பியவன் கடனாளியாகவும் திரும்பினான்.

இப்பத்திரத்தை ஒரு கதையாக வாசித்துப் பார்ப்போம். அப்போது அதன் அமைப்பிலேயே உள்ள முரண்பாடு புலனாகும். படையிற் சேரும் தினத்தில் வைத்தியர் அவனைப் பரிசோதித்து, உடலாலும் உள்ளத்தாலும் தகுதியுடையவன் என ஒப்பமிட்டார். பின்னர் அவன் குண்டுமழைக்குள் அனுப்பப்பட்டான். திரும்பி வந்தவன் உறங்க முடியாதவனாய், சினம் மிக்கவனாய், கட்டளைக்கு அடங்காதவனாய் இருந்தான். இப்போது வேறொரு வைத்தியர், இவன் சிறுவயது முதலே இப்படிப்பட்டவன் என்று ஒப்பமிடுகிறார். கதையின் நடுப்பகுதி முழுவதும் கிழித்தெறியப்பட்டு, முதல் அத்தியாயமும் இறுதி அத்தியாயமும் ஒட்டப்பட்டுள்ளன. கிழித்தெறியப்பட்ட பகுதியின் பெயர் யுத்தம்.

குணத்தைச் சூழலினின்றும் பிரித்து, மனிதன் பிறக்கும்போதே தன் விதியைச் சுமந்து வருகிறான் என்று காட்டும் நாவல்களை யதார்த்தமற்றவை என நாம் நிராகரித்து வந்திருக்கிறோம். ஏழை சோம்பேறி ஆதலால் ஏழையானான், குடிகாரன் குணங்கெட்டவன் ஆதலாற் குடித்தான் என்று எழுதுபவனிடம், அவனுடைய கூலி எவ்வளவு, அவனுடைய வேலை நேரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோம். அதே கேள்வியை விலக்கற் பத்திரத்தை எழுதிய கையிடமும் கேட்பது விமர்சகனின் கடமை. சூழலை மறைத்துக் குணத்தை மட்டும் காட்டும் எழுத்து, கதையாயினும் சரி, கோவையாயினும் சரி, அது எவரோ ஒருவரைப் பொறுப்பினின்றும் விடுவிப்பதற்காகவே எழுதப்படுகிறது.

நிற்க. இவ்விடத்தில் ஒரு நியாயமான தடை எழுப்பப்படலாம். உண்மையிலேயே முன்னரே மனக்கோளாறு உடையவர்கள் படையிற் சேர்வதில்லையா? ஆயுதம் தாங்க இயலாத ஒருவனை வீட்டுக்கு அனுப்புவது அவனுக்கும் பிறருக்கும் நன்மையன்றோ? இரண்டையும் நாம் மறுக்கவில்லை. 26,000 பத்திரங்களும் பொய் என்று கூறுவது, 26,000 பத்திரங்களும் மெய் என்று கூறுவதைப் போன்றே ஆராய்ச்சியற்ற பேச்சாகும். நாம் கேட்பது இதுவே: உண்மையான நோயறிதலையும் வசதியான நோயறிதலையும் வேறுபடுத்திக் காண்பதற்குரிய பரிசோதனை ஏன் செய்யப்படவில்லை? ஒரு சொல் எழுதுபவனுக்கு இலாபமாயும் எழுதப்படுபவனுக்கு நட்டமாயும் இருக்குமிடத்து, அச்சொல்லை ஐயத்துடன் வாசிப்பதே நேர்மையான வாசிப்பு.

இது இந்நூற்றாண்டிற் புதிதாய்த் தோன்றிய தந்திரமுமன்று. 1915 இல் சாள்ஸ் மையர்ஸ் என்ற வைத்தியர் ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற பெயரை மருத்துவ ஏட்டில் எழுதினார். அதன்பின் பிரித்தானியப் படை இந்நோயாளரை இரண்டாக வகுத்தது. எதிரியின் குண்டு வெடித்ததன் நேர்விளைவாக நிலைகுலைந்தவனுக்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்து. அவன் காயப்பட்டவன், காயப் பட்டியும் ஓய்வூதியமும் அவனுக்குரியன. குண்டு அருகில் வெடிக்காமலே நிலைகுலைந்தவனுக்கு ‘எஸ்’ என்ற எழுத்து. அவன் வெறும் நோயாளி, இரண்டுமில்லை. மாதக்கணக்கிற் பதுங்குகுழியிற் பிணங்களோடு கிடந்து மனமுடைந்தவனின் வாழ்வு ஒரேயோர் எழுத்தில் தங்கியிருந்தது. 1917 இல் அதுவும் மாறியது. ‘இன்னும் நோய் நிர்ணயிக்கப்படாத நரம்பு நிலை’ என்ற பொருள்படும் தொடரே பதிவேடுகளில் எழுதப்படவேண்டும் எனப் பணிக்கப்பட்டது. காரணத்தைக் கூறாமல் விடுவதற்கென்றே ஆக்கப்பட்ட தொடர் அது.

வர்க்க பேதமும் இங்கு தன் வேலையைச் செய்தது. அதிகாரி நிலைகுலைந்தால் ‘நரம்புத் தளர்ச்சி’; அது அதிக பொறுப்பைச் சுமந்ததன் அடையாளம். சாதாரண சிப்பாய் நிலைகுலைந்தால் ‘ஹிஸ்ரீரியா’. அது மனவுறுதியின்மையின் அடையாளம். அவ்வாறு ஒரு பெயரேனும் கிடைத்தவன் பாக்கியசாலி. கோழைமை, படையை விட்டோடல் முதலிய குற்றங்களின் பேரில் தம் சொந்தப் படையினராலேயே சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானியப் பாராளுமன்றம் மன்னிப்பு வழங்கியது 2006 ஆம் ஆண்டில். அம்மன்னிப்பும் தீர்ப்பை இரத்துச் செய்யவில்லை என்று அச்சட்டமே கூறுகிறது. தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் பத்திரத்தின் மீது கைவைக்க அரசு அஞ்சிற்று.

இனி நாவல்களுக்கு வருவோம். வேர்ஜினியா வுல்ஃப் 1925 இல் வெளியிட்ட ‘திருமதி டலோவே’ மேல்வர்க்க மாதொருத்தியின் விருந்தைப் பற்றிய நாவல் என்றே பலராலும் பேசப்படுகிறது. ஆனால், அந்நாவலின் மனச்சாட்சி விருந்து மண்டபத்தில் இல்லை. செப்டிமஸ் என்ற எளிய எழுதுவினைஞனிடம் இருக்கிறது. முதன்முதலிற் படைக்குச் சென்றவர்களில் அவனும் ஒருவன். தன் நேசத்துக்குரிய அதிகாரி போர்நிறுத்தத்துக்குச் சற்று முன்னர் மடிந்தபோது, எதையும் உணராமல் இருந்துவிட்டதற்காகத் தன்னையே பெருமையாக எண்ணிக்கொண்டவன் அவன். உணர்ச்சி இழந்த அந்த நிலை பின்னர் அவனை உள்ளிருந்து தின்னத் தொடங்குகிறது. ஒரு வைத்தியர் அவனுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். பட்டம் பெற்ற பெரிய வைத்தியரோ அவனைத் தனியிடத்தில் அடைத்துவைக்க ஆயத்தம் செய்கிறார். அவன் ஜன்னலினூடாகப் பாய்ந்து மடிகிறான். அன்றிரவே அப்பெரிய வைத்தியர் விருந்துக்கு வந்து, ஷெல் அதிர்ச்சியின் பிற்கால விளைவுகளுக்கு மசோதாவில் ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்று பாராளுமன்ற அங்கத்தவரிடம் கதைத்துக்கொண்டிருக்கிறார். நோயாளியைக் கொன்ற சமூகமே நோயைப் பற்றிச் சட்டமியற்றுகிறது என்பதை இதைவிடக் கூர்மையாகக் கூறிய பக்கங்களை நாம் அறியோம். ஆசிரியை மேல்வர்க்கத்தினரே, எனினும் தம் வர்க்கத்தின் விருந்துக்குள் ஒரு பிணத்தின் செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

பற் பாக்கர் 1991 இல் எழுதிய ‘றீஜெனறேஷன்’ என்னும் நாவலின் பொருள் நிகழ்ந்த வரலாறு. வீரப்பதக்கம் பெற்ற அதிகாரியும் கவிஞருமான சிக்பிரிட் சசூன், யுத்தம் வேண்டுமென்றே நீடிக்கப்படுகிறது என்று 1917 இற் பகிரங்கமாக அறிக்கை விடுத்தார். படைத்துறை அவரை விசாரணைக்கு உட்படுத்தவில்லை. மருத்துவக் குழுவின் முன் நிறுத்தி, நோயாளி எனத் தீர்மானித்து, கிறெய்க்லொக்ஹார்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. நண்பர் அவரைக் காப்பாற்றவே அதற்கு முயன்றார் என்பது மெய். ஆயினும் விளைவென்ன? விடையளிக்கப்பட வேண்டிய வாதம் ஒன்று மருந்தளிக்கப்பட வேண்டிய நோயாக மாறிற்று. அங்கு அவரைக் கவனித்தவர் நீலகிரித் தோடரைப் பற்றி 1906 இல் நூல் வெளியிட்ட அதே றிவேர்ஸ். அவர் அன்பும் அறிவும் மிக்கவர். ஆனால், தாம் குணப்படுத்தியவர்களை மீண்டும் அதே களத்துக்கு அனுப்புவதே அவர் கடமை. நல்ல வைத்தியன் ஒருவன் கெட்ட ஏற்பாடொன்றினுள் அகப்படும்போது அவனுடைய நன்மையும் ஏற்பாட்டுக்கே சேவகம் செய்கிறது என்பதே நாவலின் சாரம்.

எதிர்ப்பை நோயாக்கும் இவ்வழக்கம் முதலாம் உலக யுத்தத்தோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்கப் படையிற் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதை முறையிட்ட பின்னர் ஆளுமைக் கோளாறு முதலிய பெயர்களின் கீழ் விலக்கப்பட்டவர்களின் அனுபவங்களை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 இல் நீண்ட அறிக்கையாக வெளியிட்டது. குற்றம் இழைத்தவனின் குணம் விசாரிக்கப்படவில்லை. குற்றத்தைச் சொன்னவளின் குணமே விசாரிக்கப்பட்டது.

நிறபேதமும் இப்பத்திரங்களில் தன் கையெழுத்தை இட்டிருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கத் தரைப்படை நீலத்தாளில் ஒருவகை விலக்கற் பத்திரம் வழங்கியது. அது கௌரவமானதுமன்று, அகௌரவமானதுமன்று. படை நீதிமன்ற விசாரணையும் அதற்கு வேண்டியதில்லை. 1941 டிசம்பர் தொடக்கம் 1945 ஜூன் வரை வழங்கப்பட்ட 48,603 நீலத்தாள்களில் 10,806 கறுப்பின வீரருக்கு வழங்கப்பட்டன. படையில் அவர்கள் தொகை நூற்றுக்கு 6.5, நீலத்தாளிலோ நூற்றுக்கு 22. ஒருபாலுறவினர் என இனங்காணப்பட்டவர்களும் குணவிகாரமுடையோர் என முத்திரை குத்தப்பட்டு இத்தாளோடு அனுப்பப்பட்டனர். நீலத்தாளைக் கண்ட முதலாளி வேலை கொடுக்க மறுத்தான். அரசின் சலுகைகளும் பலருக்கு மறுக்கப்பட்டன. கறுப்பினத்தவரின் பத்திரிகையாகிய ‘பிற்ஸ்பேர்க் கூரியர்’ இதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தது. 1946 இல் காங்கிரஸ் குழுவொன்றும் கண்டித்தது. 1947 இல் நீலத்தாள் ஒழிந்தது. ஆளுமை என்ற சொல்லின் பின்னால் ஒரு சமூகத்தின் வெறுப்புகள் எல்லாம் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஜோசப் ஹெலர் 1961 இல் வெளியிட்ட ‘கச்-22’ என்னும் நாவல் இவ்வுலகத்தைச் சிரிப்பினால் திறந்து காட்டுகிறது. பைத்தியக்காரன் விமானத்தில் பறக்கவேண்டியதில்லை; ஆனால், அவன் விலக்குக் கேட்கவேண்டும்; கேட்டால் அவன் புத்தியுள்ளவன் ஆகிறான்; ஆகவே பறக்கவேண்டும். அந்நாவலில் வைத்தியரின் பெயர் விழுந்து நொறுங்கிய விமானத்தின் பதிவேட்டில் இருந்தமையால், உயிரோடு எதிரே நிற்கும் அவரை இறந்தவரென்றே எல்லோரும் நடத்துகின்றனர். சிரித்து முடிந்தபின் ஓர் உண்மை எஞ்சுகிறது. விலக்குக் கேட்டபோது புத்தியுள்ளவன் என்று களத்துக்கு அனுப்பப்பட்டவனே, களத்திலிருந்து திரும்பி இழப்பீடு கேட்டபோது பிறவிக் கோளாறுடையவன் ஆகிறான். இரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே நன்மை செய்கின்றன.

இப்பத்திரங்களைத் திருத்துவதற்கு வழியே இல்லையா எனின், உண்டு. 1944 ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கங்களை மறுபரிசீலனை செய்யும் சபைகளை ஏற்படுத்திற்று. விலக்கப்பட்டு 15 ஆண்டுகளுக்குள் அச்சபைகளுக்கு விண்ணப்பிக்கலாம். 1946 இல் பதிவேடுகளைத் திருத்தும் சபைகளுக்கும் வழி செய்யப்பட்டது. ஆனால், காலம் என்ற சத்துருவை நோக்குக. இன்று மனவடு என நாம் குறிக்கும் நோய் அமெரிக்க மனநோய் வைத்தியரின் ஏட்டில் தனிப்பெயர் பெற்றது 1980 இலேயே. 1964 இல் விலக்கப்பட்ட ஒருவனுக்குத் தன் நோயின் பெயர் தெரியவருமுன்னரே 15 ஆண்டுகள் முடிந்துவிட்டன. 1968 இல் விலக்கப்பட்டவனுக்கு மூன்று ஆண்டுகள் எஞ்சின. இதற்கிடையில் 1974 வரை, விலக்கத்தின் காரணத்தைக் குறிக்கும் இரகசிய இலக்கமொன்று அப்பத்திரத்திலேயே பொறிக்கப்பட்டு வந்தது. இலக்கத்தின் பொருளை வீரன் அறியான். வேலை கொடுப்போரிற் பலர் அறிந்திருந்தனர்.

வீரர்களும் குடும்பத்தினரும் பத்திரிகையாளரும் எழுப்பிய கூக்குரலின் பின்னர், 2008 ஓகஸ்டிற் புதிய விதி வந்தது. அபாயப் பிரதேசத்திற் சேவை செய்தவனை ஆளுமைக் கோளாறென விலக்க வேண்டுமாயின், இரண்டாவது நிபுணர் ஒருவர் அதனை உறுதிப்படுத்தவும் படையின் தலைமை வைத்தியர் ஒப்புதல் அளிக்கவும் வேண்டும். விளைவு யாது? ஆண்டுக்கு ஆயிரமளவில் இருந்த தரைப்படையின் ஆளுமைக் கோளாறு விலக்கங்கள் 2009 இல் 260 ஆகக் குறைந்தன. பரிசோதனை கடுமையானவுடன் ஒரு பிறவிக் கோளாறு இவ்வளவு விரைவில் நாட்டை விட்டு அகன்றது மருத்துவ வரலாற்றில் அதிசயமே. அதே காலத்தில், சூழலோடு ஒத்துப்போக இயலாமை என்ற வேறொரு பெயரின் கீழ் நிகழ்ந்த விலக்கங்கள் 2006 இல் 1,400 சொச்சத்திலிருந்து 2009 இல் 3,800க்கு மேல் உயர்ந்தன. இவ்வாறு விலக்கப்பட்டோர் அனைவரும் தவறாக விலக்கப்பட்டனர் என்று நாம் முடிவுகட்டவில்லை. ஆனால், ஒரு கதவு அடைபடும்போது மறுகதவு திறக்குமாயின், வீட்டுக்காரனின் நோக்கத்தை விசாரிக்கவேண்டும்.

வியட்னாம் யுத்த வீரர் சார்பில் 2014 மார்ச்சிற் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்கொன்று தொடரப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் பாதுகாப்புச் செயலாளர் ஹேகல், மனவடு நோயினால் வந்த நடத்தைக் குறைகளைத் தாராள மனத்துடன் பரிசீலிக்குமாறு திருத்தச் சபைகளைப் பணித்தார். 2017 ஓகஸ்ட் அறிவுறுத்தல் அதனைப் பிற மனநோய்கள், மூளைக் காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கும் விரித்தது. அதிலுள்ள ஓர் அம்சம் எம் கவனத்துக்குரியது. வீரனின் சொந்த வாக்குமூலமே போதிய சான்றாகலாம் என்பதே அது. அதுவரை எழுதப்பட்ட பாத்திரமாக மட்டும் இருந்தவன், தன் கதையைத் தானே கூறும் உரிமையைப் பெற்றான். இவ்வுரிமை எவரும் தானமாகக் கொடுத்ததன்று; போராடிப் பெற்றது.

எனினும் இச்சீர்திருத்தத்தின் எல்லையை மறைப்பது நேர்மையாகாது. பத்திரத்தை எழுதியது நிறுவனம். அதனைத் திருத்தக் கோரி அலைய வேண்டியவன் நோயாளி. விண்ணப்பம் எழுதவும், பழைய கோவைகளைத் தேடவும், தான் மறக்க விரும்பும் நாளை மீண்டும் மீண்டும் விபரிக்கவும் வேண்டியவன் அவனே. வசதியுள்ளவன் சட்டத்தரணியை அமர்த்துகிறான். இல்லாதவன் கோவையின் அடியிற் கிடக்கிறான். எல்லாக் கோவைகளையும் நிறுவனமே எடுத்து மறுபடி வாசிக்கக் கடமைப்பட்டாலன்றி, மறுபரிசீலனை என்பது சலுகையாக இருக்குமேயன்றி நீதியாக இராது.

பிற நாட்டின் மண்ணை ஆக்கிரமிக்கச் சென்ற படையாட்களுக்காக நாம் ஏன் இரங்கவேண்டும் என்று எம் வாசகருள் இளைஞர் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. வியட்னாமியக் கிராமத்தவருக்கும் ஈராக்கியத் தாய்க்கும் நேர்ந்த மனவடுவை எழுதுவதற்கு ஒரு பொய்ப் பத்திரந்தானும் இல்லை. அவர்களுக்கு மறுபரிசீலனைச் சபையுமில்லை. இதை மறந்து சிப்பாய்க்கு மட்டும் அழுவது அரை மனிதாபிமானம். ஆனால், படிப்புச் செலவுக்கும் வேலைக்குமாகப் படையிற் சேர்ந்த ஏழை இளைஞனின் காயத்தை அவனுடைய குணம் என்று எழுதும் அதே கை, அவன் சுட்ட கிராமத்தை இலக்கு என்று எழுதிய கை. இரு பொய்களும் ஒரே மையினால் எழுதப்பட்டவை. முதற் பொய்யை அம்பலப்படுத்துவது இரண்டாவதை மன்னிப்பதாகாது. அதை வாசிக்கக் கற்றுக்கொள்வதாகும்.

எமது வாசகரிற் பலர் ஆசிரியர். பாடசாலையை விட்டு விலகும் மாணவனின் சான்றிதழில் நடத்தை என்ற இடத்துக்கு நேரே ஒரு சொல்லை எழுதும் அதிகாரம் அவர்கள் கையிலும் உண்டு. ‘அடங்காதவன்’, ‘அக்கறையற்றவன்’ என்று எழுதுமுன், அவன் காலையில் உணவுண்டு வந்தானா, பாடசாலைக்குப் பின் எங்கே வேலைக்குப் போனான், அவன் வீட்டில் எவர் இறந்தார் என்று கேட்டறிந்தோமா? கேளாமல் எழுதினால் நாமும் அந்தப் பத்திரத்தையே எழுதுகிறோம். மனிதனைப் பற்றிய தீர்ப்பொன்றைக் காணும்போதெல்லாம் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதே விமர்சனத்தின் முதற் பாடம். அப்பாடத்தை இலக்கிய மேடையோடு நிறுத்திக்கொள்ள எமக்கு உரிமையில்லை.